ஆறு நிமிஷத்துக்குச் சொந்தக்காரி

உள் அறையிலிருந்து தொண்டையைக் கொப்பளிக்கும் சத்தம் வந்தது. சாதாரணக் கொப்பளிப்பு இல்லை. யாரோ தொண்டைக்குள் மோட்டார் படகு ஓட்டுவது போல ஏறி, இறங்கி, நடுவில் ஒரு முறை நின்று, மறுபடி கிளம்பியது. கூடத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த விசாரணைக்காரர் பேச வாயெடுத்தவர் அப்படியே நிறுத்திக்கொண்டார்.

"என் தம்பி சார்," என்றாள் கொடியக்கா. "ஷிப்ட் முடிஞ்சு வந்தா தூசி தொண்டையில நிக்குதுன்னு இப்படித்தான் பண்ணுவான். இன்னும் ரெண்டு சுற்று பாக்கி இருக்கு."

விசாரணைக்காரர் அந்த இரண்டு சுற்றுக்கும் பொறுமையாகக் காத்திருந்தார். அவர் கிளை ரயில் கம்பெனியின் தாமதப் பிரிவில் அதிகாரி. ஒரு வண்டி தாமதமானால் அந்தத் தாமதத்தின் ஒவ்வொரு நிமிஷமும் யாருடையது என்று கண்டுபிடித்து எழுதுவது அவர் வேலை. எழுத ஏழு நாள் கெடு. இந்த விஷயத்தில் நாளையோடு கெடு முடிகிறது. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை காலையில், சவரம்கூடச் செய்யாமல், ஒரு பிளாட்பார ஊழியரின் வீட்டைத் தேடி மூன்று மாடி ஏறி வந்திருந்தார்.

சத்தம் ஓய்ந்ததும் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜையில் வைத்து, அவள் பக்கமாகத் திருப்பினார்.

"எல்லாம் டைப் அடிச்சாச்சும்மா. நீங்க ஒண்ணும் யோசிக்க வேண்டாம். கீழ ஒரு கையெழுத்து. நான் டீயைக் குடிச்சிட்டுக் கிளம்பிடுவேன்."

கொடியக்கா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தாள். செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து பன்னிரண்டு வண்டியின் மூன்றாம் பெட்டிக் கதவு சரியாக மூடவில்லை என்றும், பயணிகளின் பாதுகாப்பைக் கருதிப் பச்சைக் கொடி காட்டாமல் ஆறு நிமிஷம் நிறுத்தி வைத்தேன் என்றும் அவள் சொல்வதாக எழுதியிருந்தது.

"கதவு மூடிச்சே சார்."

"மூடிச்சும்மா. எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். கதவுன்னு போட்டா அந்த ஆறு நிமிஷம் பராமரிப்புக் கம்பெனி தலையில போய் உக்காந்துக்கும். அந்த மூணாம் பெட்டிக் கதவு மேல ஏற்கெனவே ரெண்டு புகார் இருக்கு. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. நீங்களா நிறுத்தினீங்கன்னு போட்டா..."

அவர் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை. காரணமில்லாமல் வண்டியை நிறுத்திய ஊழியரை என்ன செய்வது என்பதற்குக் கம்பெனியின் விதிப் புத்தகத்தில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. வேலை நீக்கம். ஓய்வுபெற அவளுக்கு இன்னும் பதினொரு வாரம். முப்பத்தொன்பது வருஷப் பணிப் புத்தகத்தில் அதுவரை ஒரு சிவப்பு மை அடிக்கோடுகூட விழுந்ததில்லை.

விசாரணைக்காரர் அவளுக்கு நல்லது செய்வதாகவே நினைத்தார். அவருக்குத் தெரியாத ஒன்று இருந்தது. அந்த வண்டியின் கதவுகளைத் தினமும் சோதித்து, சரி என்று கையெழுத்துப் போட்டு அனுப்பும் பராமரிப்புக் கம்பெனி ஃபிட்டர்தான் உள்ளே கொப்பளித்துக்கொண்டிருந்தவன். அவனுக்கு இரண்டு எச்சரிக்கைக் கடிதங்கள் வந்தாயிற்று. மூன்றாவது வந்தால் அவன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அந்த இரண்டையும் தபால்காரரிடம் வாங்கி வைத்தவள் கொடியக்காதான்.

*

கொடியக்கா என்பது ஊர் வைத்த பெயர். ஜங்ஷனில் கிளை ரயில் புறப்படும்போது கடைசிப் பெட்டியருகே நின்று பச்சைக் கொடி காட்டுகிறவள் என்பதால் வந்தது. அவளுடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

இருபத்தொன்றாம் வயதில் வேலைக்குச் சேர்ந்தாள். அப்போது ரயில் தனியார் கம்பெனிகளுடையது. ஜங்ஷனில் பெரிய கம்பெனிக்கு ஒரு பிளாட்பாரம், கிளைப்பாதை வைத்திருந்த சின்னக் கம்பெனிக்கு ஒரு பிளாட்பாரம். இரண்டுக்கும் நடுவே ஆள் உயரத்துக்கு இரும்புக் கம்பி வேலி. வேலியில் ஒரு கதவு உண்டு. அதன் சாவி பெரிய கம்பெனி மேனேஜரின் மேஜை இழுப்பறையில் இருந்தது. அது வெளியே வந்து யாரும் பார்த்ததில்லை. பெரிய வண்டியில் வந்து இறங்கியவர்கள் சின்ன வண்டியைப் பிடிக்க வேண்டுமென்றால், ஸ்டேஷனை விட்டு வெளியேறி, சாலையோடு சுற்றி, மறுபடி டிக்கெட் வாங்கி உள்ளே வர வேண்டும். பெரிய கம்பெனி அதே ஊருக்குச் சொந்தமாகப் பஸ் விட்டிருந்தது. அதனால் அவர்களுக்கு அவசரம் ஒன்றுமில்லை.

வண்டிகள் சுத்தமாக இருந்தன, நேரத்துக்கு ஓடின. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம் அவளுடைய அப்பா கிளைப்பாதையின் கடைசி ஊரில், ஆஸ்பத்திரியில் கிடந்தார். அம்மா தங்கை வீட்டிலிருந்து பெரிய வண்டியில் வந்து இறங்கினாள். வேலிக்கு அந்தப் பக்கம் அம்மா, கையில் துணி மூட்டை. இந்தப் பக்கம் மகள், கையில் கொடி. நடுவில் நாலு எட்டு தூரம்.

"இருடி, இதோ வந்துடறேன்!" என்று கத்திவிட்டு அம்மா வாசலை நோக்கி ஓடினாள்.

மகள் கடிகாரத்தைப் பார்த்தாள். டிரைவரும் எட்டிப் பார்த்தார். நேரம் ஆனதும் அவள் கொடியைத் தூக்கினாள். புதிதாகக் கிடைத்த வேலை. வேறொன்றும் அவளுக்குத் தோன்றவில்லை. கடைசிப் பெட்டி பிளாட்பாரத்தைத் தாண்டியபோது அம்மா சாலையைச் சுற்றி உள்ளே வந்து, மூட்டையைக் கீழே வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். அடுத்த வண்டி மூன்று மணி நேரம் கழித்து. அப்பா அவ்வளவு நேரம் காத்திருக்கவில்லை.

அம்மா அதைப் பற்றி அதன்பின் பேசியதே இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்று மகளுக்குப் பல வருஷம் தோன்றியது.

பிறகு அரசாங்கம் எல்லா ரயிலையும் எடுத்துக்கொண்டது. ஒரு நாள் நாலு பேர் கேஸ் கட்டரோடு வந்து வேலியை அறுத்தார்கள். ஜனம் நின்று கைதட்டியது, கொடியக்காவும் தட்டினாள். வேலி போனது, ஆனால் கம்பிகளின் அடிக்கட்டைகள் இரண்டு விரல் உயரத்துக்குத் தரையில் நின்றன. அவற்றைப் பிடுங்குவது கட்டடப் பிரிவின் வேலையா, தண்டவாளப் பிரிவின் வேலையா என்று முடிவாகவில்லை. பத்தொன்பது வருஷம் முடிவாகவில்லை. பத்தொன்பது வருஷமும் ஜனங்கள் அதில் தடுக்கி விழுந்துகொண்டிருந்தார்கள். விழுந்தவர்களைத் தூக்கிவிடுவது எந்தப் பிரிவின் வேலையும் இல்லாததால் கொடியக்காவே தூக்கிவிட்டாள்.

ஆனால் ஒரு டிக்கெட்டில் எங்கும் போகலாம் என்றானது. கிளை வண்டியின் பதிவேட்டில் புதிதாக ஒரு பத்தி வந்தது: 'இணைப்புக்காக நிறுத்திய நேரம்'. பெரிய வண்டி தாமதமாக வந்தால் சின்ன வண்டி பத்து நிமிஷம் வரை காத்திருக்கலாம். காத்திருந்ததை அந்தப் பத்தியில் எழுதினால் போதும். அந்தப் பத்தியை எழுதும்போது மட்டும் கொடியக்காவின் கையெழுத்து அழகாக இருக்கும் என்று பழைய ஸ்டேஷன் மாஸ்டர் கேலி செய்வார்.

அந்தக் காலத்தில்தான் அவளுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை சிக்னல் கம்பிகளைப் பழுதுபார்க்கிறவர். அதே ரயில்வே, ஆனால் ஆறு மணி நேரம் தள்ளி இருந்த ஊர். மனைவி இருக்கும் ஊருக்கு மாற்றல் கேட்டு விண்ணப்பம் போட்டார். விண்ணப்பம் ஒரு மேஜையில் படுத்தது, இன்னொரு மேஜையில் புரண்டது. மாதத்துக்கு இரண்டு நாள் குடும்பம் என்று நாற்பத்தொரு மாதம் ஓடியது. அதன்பின் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. அது ஐந்தே நாளில் வேலையை முடித்தது.

மாற்றல் உத்தரவு பத்தொன்பதாம் நாள் வந்தது. கொண்டுவந்த பியூன் வீட்டின் நிலையைப் பார்த்துத் திரும்பிப் போகப் பார்த்தார். அவள்தான் கூப்பிட்டுக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள். இரண்டு மாதம் கழித்து அவர் பெயருக்கு இன்னொரு கடிதம் வந்தது: உத்தரவிட்டும் புதிய இடத்தில் ஏன் பணியில் சேரவில்லை, விளக்கம் தேவை.

அதைப் படித்தபோது அவள் சிரித்தாள் என்று தம்பி சொல்வான். அழுகை வேறொரு நாள், கொடியைத் துவைத்துக் காயப்போடும்போது, சம்பந்தமே இல்லாமல் வந்தது.

இப்போது மூன்றாவது காலம், பதினாலு வருஷமாக. தண்டவாளம் ஒரு வாரியத்திடம். அதன் மேல் யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டி வண்டி ஓட்டலாம். நாலு கம்பெனிகள் ஓட்டுகின்றன. பெட்டிகளைப் பராமரிக்க ஐந்தாவதாக ஒரு கம்பெனி. வேலியின் அடிக்கட்டைகளை ஒரே பகலில் பிடுங்கி, தரைக்கு ஓடு பதித்தார்கள். பெரிய வண்டிகளுக்குத் தண்டவாளத்துக்கு அப்பால் புதுப் பிளாட்பாரம் கட்டி, நடுவே படிக்கட்டுப் பாலமும் போட்டுவிட்டார்கள். முன்பு வாரத்தில் மூன்று நாள் ரத்தான கிளை வண்டி இப்போது நாற்பது நிமிஷத்துக்கு ஒன்று போகிறது. எட்டு வருஷம் அரசாங்க வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்த தம்பிக்கு ஒரு வாரத்தில் வேலை கிடைத்தது. தம்பி மனைவி பெரிய ரயில் கம்பெனியில் டிக்கெட் கொடுக்கிறாள். ஒரே வீட்டில் மூன்று பேர், மூன்று கம்பெனி. கம்பெனி விஷயத்தை வெளியாரிடம் பேச மாட்டோம் என்று மூவரும் தனித்தனியே எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதனால் சாப்பிடும்போது கம்பெனி விஷயத்தைத் தவிர வேறெதுவும் பேசுவதில்லை.

"எங்க வண்டி லேட் இல்லீங்க. தண்டவாளக்காரங்க சிக்னல் குடுக்கல," என்பாள் தம்பி மனைவி.

"தண்டவாளக்காரன் இந்த வீட்டுல இல்ல. அதான் அவன் தலையில கட்டுற," என்பான் தம்பி.

"என்னைக் கேட்டா தண்டவாளம், வண்டி, ஸ்டேஷன் மொத்தத்தையும் ஒரே கம்பெனிகிட்டக் குடுத்துடணும். வீட்டுக்கு ஒரு அடுப்புதான் இருக்கணும்."

"அந்த ஒரு அடுப்புலயும் நான்தானடி நிக்கிறேன். நாலு கம்பெனி போட்டி போட்டாத்தான் ஒழுங்கா ஓட்டுவான். கவர்மென்ட்கிட்டயே இருந்திருந்தா நான் இன்னும் மனுப் போட்டுக்கிட்டு இருப்பேன்."

"அண்ணி, நீங்க சொல்லுங்க. மூணையும் பாத்தவங்க நீங்கதான். எது நல்லது?"

"சாப்பாடு ஆறுது. அதை முதல்ல கவனிங்க," என்பாள் கொடியக்கா.

அவளுக்குச் சொல்லத் தெரியாமல் இல்லை. எதைச் சொன்னாலும் வாயில் ஏதோ ஒன்று தடுக்கியது.

புதிய காலத்தின் பதிவேட்டில் இணைப்புப் பத்தி இல்லை. பெரிய வண்டி ஒரு கம்பெனி, சின்ன வண்டி வேறொரு கம்பெனி. இவர்கள் தாமதத்துக்கு அவர்கள் ஏன் காத்திருக்க வேண்டும்? நேரத்துக்குக் கிளம்பும் வண்டிக்குத்தான் முன்னால் பாதை திறந்திருக்கும். ஒரு நிமிஷம் தவறினால் அந்த இடத்தை இன்னொரு கம்பெனியின் கூட்ஸ் வண்டி பிடித்துக்கொள்ளும். பதினாலு வருஷமாகக் கொடியக்கா நேரத்துக்குக் கொடி காட்டினாள். பாலத்துப் படிகளில் ஓடிவந்து மூச்சிரைக்க நிற்பவர்களைப் பார்த்தும் பார்க்காதது போலத் திரும்பிக்கொண்டாள். நாற்பது நிமிஷத்தில் அடுத்தது வரும் என்று சொல்லிக்கொள்ள முடிந்தது. முன்பு அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது. அது ஒரு வித்தியாசம்தான்.

சென்ற செவ்வாய்க்கிழமை பெரிய வண்டி ஒன்பது நிமிஷம் பிந்தி, ஐந்து பத்துக்கு வந்தது. பாலத்தின் கண்ணாடி வழியே தலைகள் ஓடுவது தெரிந்தது. முப்பது, நாற்பது தலைகள். ஐந்து பன்னிரண்டுக்குச் சின்ன வண்டியின் கதவுகள் மூடின. கொடியக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். மனசுக்குள் 'பத்து நிமிஷம் வரை சரி' என்று ஒரு குரல் சொன்னது. செத்துப்போய்ப் பதினாலு வருஷமான விதி அது. அன்றைக்கு அது உயிரோடிருப்பதாகவே அவள் நம்பினாள். கதவுகளைத் திறக்கச் சொல்லி டிரைவருக்குக் கை காட்டினாள். ஒவ்வொருவராக ஏறினார்கள். கடைசியாக ஒரு கர்ப்பிணிப் பெண் படியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கிவந்து ஏறினாள். ஐந்து பதினெட்டுக்குக் கொடி மேலே போனது.

வண்டி போனபின், பழக்கதோஷத்தில் பதிவேட்டைத் திறந்து அந்தப் பத்தியைத் தேடினாள். இல்லை. அப்போதுதான் தான் என்ன செய்தோம் என்பது உறைத்தது. காரணம் எழுத வேண்டிய கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

*

"கையெழுத்துப் போடுங்கம்மா," என்றார் விசாரணைக்காரர்.

உள் கதவு திறந்தது. தோளில் துண்டோடு தம்பி வந்தான். சட்டையை இன்னும் மாற்றவில்லை. மார்புப் பையின் மேல் பராமரிப்புக் கம்பெனியின் சின்னமும், அதன் கீழே 'கதவுப் பிரிவு' என்ற எழுத்தும் இருந்தன. விசாரணைக்காரர் அதைப் படித்தார். அவர் கையிலிருந்த டீ கொஞ்சம் தட்டில் தளும்பியது.

"நீங்க... அங்கயா வேலை?"

"பன்னெண்டு வருஷமா சார். ஷெட்டுல எனக்குக் கதவு டாக்டர்னு பேரு." அவன் மேஜைமேல் இருந்த தாளைத் தலைகீழாகவே படித்துவிட்டான். "மூணாம் பெட்டியா? என் மூணாம் பெட்டியா? சார், அந்தக் கதவு போன மாசம் மக்கர் பண்ணிச்சு, நான் இல்லேன்னு சொல்லல. ஆனா இப்ப நீங்க அதுல ஒரு தலைமுடியை வெச்சாக்கூட..."

"தம்பி, உக்காரு," என்றாள் அக்கா.

அவன் உட்காரவில்லை. சட்டென்று அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அக்காவின் முகத்தைப் பார்த்தான், அதிகாரியைப் பார்த்தான். குரல் இறங்கியது.

"அக்கா, போட்டுடு."

"சும்மா இரு."

"போட்டுடுன்னு சொல்றேன்ல? எனக்கு என்ன, ஒரு கடுதாசி வரும். அவ்வளவுதான்."

"மூணாவது கடுதாசி."

"நீ பிரிச்சா படிச்சே?"

"ஒட்டினதே சரியா ஒட்டல. கதவு ஒழுங்கா மூடத் தெரிஞ்ச கம்பெனிக்குக் கவர் மூடத் தெரியல."

தம்பிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த வேகத்திலேயே கண் கலங்கியது. துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். "பதினோரு வாரம்க்கா. பதினோரு வாரத்துக்காக நீ கெட்ட பேரோட வெளிய வரணுமா? எனக்கு நாப்பத்தாறு வயசுதான். இந்தக் கம்பெனி இல்லேன்னா இன்னொண்ணு. நான்தான் சொல்லிக்கிட்டே இருக்கேனே, போட்டி இருக்கு, போட்டி இருக்குன்னு. எவனாவது எடுத்துக்குவான்."

"மூணு கடுதாசி வாங்கின கதவு டாக்டரையா?"

விசாரணைக்காரர் தொண்டையைச் செருமினார். அந்தத் தாளை எடுத்து நாலாக மடித்துப் பையில் போட்டார்.

"நான் இதைக் கொண்டுவரவே இல்ல. நீங்க பார்க்கவே இல்ல," என்றார். பிறகு கைக்கணினியை எடுத்துத் திரையை விரலால் தள்ளிக்கொண்டே போனார். "காரணம் மொத்தம் இருநூத்திப் பதினாலு இருக்கும்மா. மாடு குறுக்க வந்தது, மரம் விழுந்தது, டிரைவருக்கு வயித்துவலி... இதோ. 'பயணி திடீர் உடல்நலக் குறைவு'. இது யார் தலையிலயும் விழாது. எந்தக் கம்பெனிக்கும் இல்ல, எந்த ஊழியருக்கும் இல்ல. கர்ப்பமா ஒரு அம்மா ஏறினாங்கன்னு கேமராவுல தெரியுது. இடுப்பைப் பிடிச்சிருக்காங்க. அவங்களுக்கு மயக்கம்னு போட்டுக்கலாம். பேருகூட வேண்டாம்."

 தம்பியின் முகம் துண்டிலிருந்து வெளியே வந்தது. இவ்வளவு சுலபமான வழி இருக்கும்போது கதவு எதற்கு வந்தது என்பது போல அதிகாரியைப் பார்த்தான்.

"யார் மேலயும் தப்பில்லன்னு ஆயிடும்," என்றார் விசாரணைக்காரர் மறுபடியும்.

"சார், இது எப்படிக் கிளம்பிச்சு? தினம் எத்தனையோ வண்டி ஆறு நிமிஷம் லேட்டாகுது. வீடு தேடி வர்ற அளவுக்கு இதுல என்ன?" என்று கேட்டாள் கொடியக்கா.

அவர் கொஞ்சம் தயங்கினார். "புகார் வந்திருக்கும்மா. வண்டிக்குள்ள இருந்த ஒரு பொண்ணு எழுதியிருக்கு. நீங்க நிறுத்தின ஆறு நிமிஷத்துல பாதை போயிடுச்சு. கூட்ஸுக்கு வழி விட்டு, கடைசி ஸ்டேஷனுக்கு வெளியில முப்பத்தோரு நிமிஷம் நின்னுச்சு. அந்தப் பொண்ணுக்கு ஆறு மணிக்கு வேலைக்கான நேர்முகம். போய்ச் சேர்றதுக்குள்ள கதவைச் சாத்திட்டாங்க. ரெண்டு வருஷமா வேலை தேடுதாம்."

கொடியக்கா கண்ணாடியைக் கழற்றினாள்.

"நான் அவளைப் பார்க்கலையே," என்றாள்.

"எப்படிப் பார்ப்பீங்க? உள்ள உக்காந்திருக்கு."

"ஓடி வந்தவங்களைத்தான் பார்த்தேன். அவங்க கண்ணுக்குத் தெரியறாங்க. நேரத்துக்கு வந்து உக்காந்திருக்கிறவங்க தெரியறதே இல்ல." அவள் மேஜையின் விளிம்பைத் தடவினாள். "அந்தப் பொண்ணுக்குப் பதில் போகுமா?"

"போகும். காரணம் என்னன்னு ஒரு கடிதம் அனுப்பணும். அது விதி."

"பயணிக்கு உடம்பு சரியில்ல, யார் மேலயும் தப்பில்லன்னு போகும்."

"ஆமா."

"எனக்கு அப்படி ஒரு கடிதம் வந்திருக்கு சார்." தம்பி சட்டென்று நிமிர்ந்தான், இது அவனும் அறியாதது. "அவர் போனப்புறம், மாற்றல் உத்தரவை யார் இத்தனை நாள் வெச்சிருந்தாங்கன்னு கேட்டு எழுதினேன். சண்டை போட இல்ல. யாருன்னு தெரிஞ்சா போதும்னு இருந்துச்சு. பதில் வந்துச்சு. விசாரிச்சதுல எந்த அலுவலர் மேலயும் தவறு இல்லைன்னு. கீழ நாலு பேர் கையெழுத்து. அந்தக் கடிதத்தை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றதுன்னே தெரியல. கிழிக்கவும் முடியல. கோபப்படக்கூட ஒரு ஆள் இல்ல."

விசாரணைக்காரர் கைக்கணினியைப் பையில் வைத்தார். அவரும் அரசாங்க ரயில்வேயில் ஏழு வருஷம் கிளார்க்காக இருந்தவர். எத்தனை கடிதம் எழுதியிருப்பாரோ.

"ஒரு வெள்ளைத் தாள் குடுங்க சார்."

"அம்மா, இருநூத்திப் பதினாலுல இது இல்ல. நீங்க எழுதினா நான் 'ஊழியர் தவறு'ங்கிற தலைப்புலதான் வெக்க முடியும். அப்புறம் என் கையில இல்ல."

"வைங்க."

"அக்கா!" என்றான் தம்பி.

"டேய், நான் நிறுத்தினேன். உனக்குப் பத்து நிமிஷம் கொப்பளிக்க நேரம் இருக்கு, எனக்கு ஆறு நிமிஷம் சொந்தமா இருக்கக் கூடாதா?"

அவள் எழுதினாள். பெரிய வண்டியிலிருந்து ஓடி வந்த பயணிகள் ஏறுவதற்காக நானே வண்டியை நிறுத்தினேன். கதவில் பழுது இல்லை. யாருக்கும் உடம்பு சரியில்லாமல் போகவில்லை. இதனால் நேர்முகத்தைத் தவறவிட்ட பெண்ணிடம் மன்னிப்புக் கேட்கிறேன். வண்டி நின்றதற்கு நான்தான் காரணம் என்று அவரிடம் தெரிவிக்கவும். கீழே கையெழுத்து. முப்பத்தொன்பது வருஷத்தில் கையெழுத்தோடு முழுப் பெயரையும் எழுதிய இடங்கள் குறைவு. எழுத்துக் கூட்டி மெதுவாக எழுதினாள்.

அவர் படித்தார். கடைசி வரியில் விரலை வைத்தார்.

"இது வேண்டாமே? கிடைக்க வேண்டிய வேலை போச்சுன்னு அந்தப் பொண்ணு உங்க மேல கேஸ்கூடப் போடலாம்."

"போடட்டும். போட ஒரு பேரு இருக்கே."

தம்பி ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான். அவன் தோள்கள் அசைந்தன. அக்கா அவனைப் பார்க்கவில்லை. பார்த்தால் தானும் அழவேண்டியிருக்கும் என்று தெரிந்திருந்தது.

விசாரணைக்காரர் தாளைத் தனி உறையில் வைத்தார். டீ ஆறிப்போயிருந்தது, ஆனாலும் முழுவதையும் குடித்தார். எழுந்து வாசலருகே போய், குனிந்து ஷூக் கயிற்றைக் கட்டிக்கொண்டே, நிமிராமல் கேட்டார்.

"ஆபீஸ்ல அடுத்த மாசம் ஒரு கமிட்டி வருதும்மா. ரயிலை மறுபடி அரசாங்கமே எடுத்துக்கலாமா, இப்படியே விடலாமா, இல்ல ஒரே கம்பெனிக்குக் குடுத்துடலாமான்னு ஊழியர்கள்கிட்டக் கேக்கப் போறாங்க. உங்க பேரைச் சொல்லலாம்னு நினைச்சிருந்தேன். இனிமே ஊழியர் இல்லைங்கிறதால முடியாது. நீங்க என்ன சொல்லியிருப்பீங்க?"

"வேலியை அறுத்தாங்கள்ல, அது நல்லா இருந்துச்சு. அடிக்கட்டையை விட்டாங்க, அது நல்லா இல்ல. அதைப் பிடுங்கினவங்க நல்லவங்க. ஆனா அவங்க அந்தப் பத்தியையும் சேர்த்துப் பிடுங்கிட்டாங்க." அவள் கொஞ்சம் யோசித்தாள். "இதைப் போய்க் கமிட்டியில சொன்னா சிரிப்பாங்க."

"எழுதிக்குவாங்க," என்றார் அவர். "சிரிக்கறதெல்லாம் அப்புறம். நாளைக்கு ஐந்து பன்னிரண்டுக்கு வேற ஆளை அனுப்பிடறேன். நீங்க வர வேண்டாம்."

"புது ஆளா?"

"புதுசுதான்."

"அப்போ ஒண்ணு சொல்லிடுங்க. திங்கள், வியாழன் ரெண்டு நாளும் நாலாம் பெட்டியில கண் தெரியாத ஒருத்தர் ஏறுவார். பிடிச்சு ஏத்திவிட்டா அவருக்குப் பிடிக்காது, திட்டுவார். பக்கத்துல போய் 'கதவு இங்க'ன்னு ஒரு சத்தம் குடுத்தா போதும். அப்புறம், மழை நாள்ல பாலத்துக் கடைசி மூணு படி வழுக்கும். முன்கூட்டியே சாக்கு விரிச்சிடணும். சாக்கு தண்ணித் தொட்டிக்குப் பின்னால இருக்கு."

விசாரணைக்காரர் கைக்கணினியை எடுத்தார். அதில் இதற்கு இடமில்லை போலும். மறுபடி உள்ளே வைத்துவிட்டு, பேனாவால் உறையின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். 'நாலாம் பெட்டி. சத்தம் மட்டும். சாக்கு.'

"வேற ஏதாவது?"

"அவ்வளவுதான். மத்தது அவங்களே பார்த்துக் கத்துக்குவாங்க."

அவர் கை கூப்பினார். "வரேம்மா" என்று சொல்ல ஆரம்பித்து, என்ன நினைத்தாரோ, தலையை மட்டும் அசைத்துவிட்டுப் படியிறங்கினார். இரண்டாம் மாடி திரும்பும் வரை கொடியக்கா பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கதவைச் சாத்தினாள்.